ஒரு பிள்ளைக்குக் கோளாறு நோட்டு

டிப்போவில் அவளை எல்லோரும் டைமிங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். மழை வரட்டும், ஊர்வலம் வரட்டும், அவள் வண்டி சொன்ன நேரத்துக்குச் சொன்ன நிறுத்தத்தில் நிற்கும். கால்தான் ஒரு இடத்தில் நிற்காது. ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டால் நடந்துகொண்டே தேநீர் குடிப்பாள், நடந்துகொண்டே சாப்பிடுவாள், சண்டையும் நடந்துகொண்டேதான் போடுவாள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் டிக்கெட் எடுத்துப் பேருந்தில் ஏற வேண்டியதுதான்.

அன்று காலை பத்து மணிக்கு, கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்த நேரத்தில், மகளிடமிருந்து போன் வந்தது. மகள் நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில் குடித்தனம். ஒன்பதாவது மாதம்.

“அம்மா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து அட்மிட் ஆகிடச் சொல்லிட்டாங்க. பனிக்குடத் தண்ணி கொஞ்சம் குறையுதாம். பயப்பட ஒண்ணும் இல்ல, வலி வர ஊசி போடலாம்னு டாக்டர் சொன்னாங்க.”

“நான் இன்னிக்கே கிளம்பிடறேன். அஞ்சரை மணி வண்டியைப் பிடிச்சா ஒன்பதரைக்கு வந்துடுவேன்.”

மகள் கொஞ்சம் தயங்கினாள். “பிரசவ அறைக்குள்ள கூட ஒருத்தர்தான் இருக்கலாமாம்மா. பொம்பளைங்கதான் இருக்கணுமாம்.”

“அதுக்கென்ன, நான்தான் வர்றேனே.”

“அத்தையை உள்ள வரச் சொல்றியாம்மா? நீ வெளியில இரு. அத்தை போன் எப்பவும் போல அணைஞ்சே கிடக்கு. நீயே சொல்லிடு.”

“சரி” என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, பேருந்தைச் சுற்றி மூன்று முறை நடந்தாள். டயரைப் பார்க்கிறாள் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

அத்தை என்பது அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. ஒரே வீட்டில்தான் இத்தனை வருடமும். கல்யாணம் வேண்டாம் என்று ஒருநாள் சொன்னவர், ஏன் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில், மீதி இரண்டு மாதம் தூக்கத்தில். ஆக, வீட்டை இழுத்தது இந்த இரண்டு பெண்கள்தான்.

மகளுக்கு ஒரு வயது ஆனபோது அவளுக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. காலை ஐந்து மணி ஷிப்ட். பிள்ளையை என்ன செய்வது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, நாத்தனார் தன் ஷிப்டை மதியம் இரண்டரைக்கு மாற்றிக்கொண்டு வந்து, “போய் ஓட்டு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. காலையிலிருந்து மதியம்வரை பிள்ளை அத்தையிடம், மதியத்திலிருந்து அம்மாவிடம். இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைவாள், இரண்டு பத்துக்கு நாத்தனார் கிளம்பிவிடுவார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் இருவரும் முகம் பார்த்துக்கொள்வார்கள். அதில் ஐந்து நிமிடம் குடையைத் தேடுவதில் போய்விடும்.

அதனால் அவள் ஒரு நோட்டு போட்டாள். டிப்போவில் ஒரு ஓட்டுநர் இறங்கி அடுத்தவர் ஏறும்போது வண்டியின் கோளாறை எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, பின்கதவு சரியாக மூடவில்லை, இப்படி. நன்றாக ஓடும் வண்டியைப் பற்றி நன்றாக ஓடுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு கையெழுத்து போட்டால் போதும். அதே சட்டத்தை அவள் பிள்ளைக்கும் போட்டாள். சமையலறை ஆணியில் கயிறு கட்டித் தொங்கிய அந்த நோட்டில் நாத்தனாரும் மறுபேச்சில்லாமல் எழுதினார்.

“பால் பாதிதான் குடித்தாள். வலது காதைப் பிடித்து இழுக்கிறாள், கவனிக்கவும்.” “சட்டைப் பித்தானை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம். வரும்வரை பார்க்கவும்.” மறுநாள், “பித்தான் வந்துவிட்டது.” பிறகு வளர வளர, “பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டாள்.” “பொய் சொல்கிறாள்.” “அடம்.” “அடம்.” “இன்றும் அடம்.” பதினோரு வருடம், பதினான்கு நோட்டுகள்.

பேருந்து ஓட்டுகிறவள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அவள் அங்கே செய்தாள். கோளாறை மட்டும் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள். அந்த நோட்டைப் படித்துப் படித்து, நாத்தனார் கண்ணுக்குப் பிள்ளையிடம் குறை மட்டும்தான் தெரிகிறது என்று முடிவு கட்டியவளும் அவளேதான்.

அதற்குச் சாட்சியும் தினமும் கிடைத்தது; பள்ளியில் சேர்த்தபின் லீவு நாளெல்லாம் கிடைத்தது. மதியம் இரண்டு மணிக்கு அவள் மாடிப்படி ஏறும்போதே உள்ளே நாத்தனாரின் குரல் கேட்கும். “இப்படி ஒரு அடங்காப்பிடாரியை நான் எங்கயும் பாத்ததில்ல. போ அந்தப் பக்கம். என்கிட்ட வராதே.” கதவைத் திறந்தவுடன் பிள்ளை ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ளும், விடவே விடாது. டீசல் வாடையும் வியர்வையுமாக நிற்கும் அவளை முகர்ந்து முகர்ந்து சிரிக்கும். ஒன்பது மணி நேரம் ஓட்டிய களைப்பு அந்த ஒரு நிமிடத்தில் பறந்துவிடும். நான் மட்டும் வரவில்லை என்றால் என் பிள்ளைக்கு யார் கதி என்று ஒரு பெருமை நெஞ்சில் ஏறும். நாத்தனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பெருமையில்தான் இப்போது கல் விழுந்திருந்தது. திட்டித் திட்டி வளர்த்தவளைக் கூப்பிடுகிறாள். கட்டிக்கொண்டு தூங்கிய என்னை வெளியில் உட்காரச் சொல்கிறாள். இதென்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது? வண்டியை எடுத்தாள். இரண்டாவது கியரிலேயே வெகுதூரம் போனாள். சந்தை நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்; அவர்களைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள்.

கண்டக்டர் தகரத்தைத் தட்டு தட்டென்று தட்டினார். “என்னக்கா, நிறுத்தத்தை இடம் மாத்திட்டாங்களா?”

“மறந்துட்டேன்.”

“நீங்களா?” என்று கேட்டார் அவர். வண்டியில் இருந்த வாடிக்கைப் பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சொல்லாமல் விட்டால் என்ன? நாத்தனார் இரண்டரை மணிக்கு வேலைக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் வெளியே வருவார். அந்தச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளருக்குப் பெயரே ‘முடியாது சார்’. லீவு என்று வாயைத் திறக்கும் முன்பே அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும். அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் மகள் நம்பிவிடுவாள். அஞ்சரை வண்டியில் தான் மட்டும் ஏறிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளை வலியில் துடிக்கும்போது பக்கத்தில் நிற்க ஒரு தாய்க்கு உரிமை இல்லையா? இருக்கிறது என்று ஒரு சிக்னலில் தோன்றியது. அடுத்த சிக்னலில், பொய் சொல்லி வாங்குவது உரிமையா என்று தோன்றியது. அந்தத் தடத்தில் சிக்னல்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“வெயில்.”

“பொண்ணு போன் பண்ணினாளா?”

“ம். நல்லாத்தான் இருக்கா.” தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “நாளைக்கு ஒரு செக்கப் இருக்காம். நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றேன் அண்ணி.”

“போய்ட்டு வா. எனக்கும் பாக்கணும் போலத்தான் இருக்கு. அந்த மனுஷன் விடணுமே.” நாத்தனார் அலமாரியைத் திறந்து, துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “பழைய பருத்திப் புடவையைக் கிழிச்சுத் தச்சது. ஏழு தடவை கொதிக்க வச்சுத் துவைச்சிருக்கேன். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி குத்தும். இதை அவகிட்ட குடுத்துடு.”

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். இரண்டு பத்துக்கு நாத்தனார் படி இறங்கிப் போயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பட்டபாடு சொல்லி மாளாது. பையில் துணி வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, குடிக்க மறந்து இன்னொரு டம்ளர் ஊற்றினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் மகளுக்கே போன் போட்டாள்.

“ஏண்டி, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அத்தையை ஏன் கேட்டே? சின்ன வயசுல உன்னை உண்டு இல்லைன்னு பண்ணினவங்கதானே அவங்க? எந்நேரமும் திட்டுதானே?”

“எந்நேரமும் இல்லம்மா.”

“பின்னே?”

“விடும்மா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“அத்தைக்குத்தான்.” ஒரு பெருமூச்சு கேட்டது. “சரி, சொல்லிடறேன். நாளைக்கு எனக்கு என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும்.”

“வாயைக் கழுவு.”

“நீ வர்ற நேரத்துல மட்டும்தாம்மா திட்டுவாங்க. ஸ்கூல் இல்லாத நாள்ல காலைலேருந்து நான் அவங்க மடியிலதான் கிடப்பேன். துணி மடிக்கும்போதுகூட ஒரு கையால என்னைப் பிடிச்சுப்பாங்க. ரெண்டு மணி ஆகப்போகுதுன்னா போதும், மடியிலேருந்து இறக்கி விட்டுட்டு ஆரம்பிச்சிடுவாங்க. கிட்ட வராதே, போன்னு. எனக்கு ஒண்ணுமே புரியாது. நீ கதவைத் திறந்ததும் அழுகையோட ஓடி வந்து உன்மேல விழுவேன்.”

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

“காலேஜ் போற வயசுல ஒருநாள் நேராவே கேட்டுட்டேன். ஏன் அத்தை அப்படிப் பண்ணினீங்கன்னு. ‘உங்கம்மா விடியறதுக்கு முன்னாடி போய் ஊரையே சுமந்துட்டு வர்றா. வீட்டுக்கு வந்தா புள்ள ஓடிப்போய்க் கட்டிக்க வேணாமா? நீ என் மடியை விட்டு இறங்காம உக்காந்திருந்தா அவ மனசு என்ன பாடு படும்? மறுநாள் வண்டி ஓட்ட மனசு வருமா?’ அப்படின்னாங்க. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னாங்க. அதான் கேட்டேம்மா. எனக்குப் பயமா இருக்கு. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா சரியா இருக்கும்னு தோணுது. நீ கோச்சுக்காதே.”

“கோச்சுக்கல” என்றாள். போனை வைத்தபிறகும் அதையே இரண்டு முறை சொன்னாள். சமையலறையில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருடமும் மதியத்தில் தனக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிடத்தை ஒருத்தி தன் மடியைக் காலி செய்து கொடுத்திருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு அவளையே கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கிறோம். இன்றைக்கும், இதே மேசை முன்னால் நின்று, அவளிடம் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

மணி மூன்றே முக்கால். இரண்டு பேருக்கும் மாற்றுத்துணியையும் அந்தப் பொட்டலத்தையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

சலவைக்கூடம் மருத்துவமனைக்குப் பின்பக்கம் இருந்தது. ஆள் நின்றால் தலை மறையும் அளவுக்குப் பெரிய இயந்திரங்கள் ஐந்து, படுக்கை விரிப்புகளைப் புரட்டிப் புரட்டி அடித்துக்கொண்டிருந்தன. ஆவியும் பிளீச்சிங் நெடியும் கண்ணைக் கரித்தன. நாத்தனார் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து நீண்ட மேசையில் மருத்துவமனையின் பச்சை அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

“என்ன ஆச்சு? புள்ளைக்கு என்ன?”

“ஒண்ணும் ஆகல அண்ணி. நாளைக்கு அட்மிட் பண்றாங்க.”

“என்னது?” இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டியிருந்தது. “நாளைக்குப் பிரசவம். உள்ள ஒருத்தர்தான் கூட இருக்கணுமாம். உங்களைத்தான் கூப்பிடறா.”

நாத்தனார் மடிப்பதை விடவில்லை. “பெத்தவ நீ இருக்கும்போது நான் எதுக்கு? நீ போ.”

“காலைல பத்து மணிக்கே சொல்லிட்டா. உங்ககிட்ட வேணும்னேதான் சொல்லல. உங்களை விட்டுட்டு நானே போயிடலாம்னு பாத்தேன்.”

“அதனால என்ன? உன் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.”

“ரெண்டு மணிக்கு எதுக்குத் திட்டினீங்கன்னு சொல்லிட்டா.”

நாத்தனாரின் கை அப்படியே நின்றது. பாதி மடித்த துணியைக் கீழே வைத்தார். “அவ வாயில எதுவும் நிக்காது” என்று முணுமுணுத்தார். அது காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் அவள் புரிந்துகொண்டாள். பிறகு நாத்தனார் கிட்டே வந்து, அவள் காதருகே பேசினார். “திட்டிட்டு இங்க வந்து சேர்ற வரைக்கும் வழியெல்லாம் மனசு அடிச்சுக்கும். இந்தப் புள்ள என்னை வெறுத்துடுவாளோன்னு. தினமும் அதே பயம்தான். எப்படியோ, வெறுக்கல.”

“அண்ணி, எனக்கு அழகா நன்றி சொல்லத் தெரியாது.”

“என்ன?”

“நன்றி சொல்லத் தெரியாதுன்னேன்.” மறுபடியும் கத்தினாள். கத்தத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. “நான் ஓட்டின வண்டியும் நீங்க குடுத்தது, என் புள்ள என்மேல வச்ச ஆசையும் நீங்க குடுத்தது. நான் உங்களை ஒரு வார்த்தை நல்லவிதமா நினைச்சதில்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

சலவைக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் பச்சைத் துணியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிறகு பதறிப்போய் அதை அழுக்குக் கூடையில் போட்டாள். முடியாது சார் கண்ணாடி அறையிலிருந்து விரைந்து வந்தார். என்ன கூட்டம் என்று கேட்டார். விஷயத்தை ஒருத்தி சொன்னாள். “முடி...” என்று ஆரம்பித்தவர், சுற்றி நின்ற பதினாறு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, “எத்தனை நாள்?” என்று முடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மகள் உள்ளே போய்விட்டாள். ஆண்கள் உள்ளே போகக் கூடாது என்பது மருமகனுக்கு வசதியாகப் போனது; ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் ரகம், அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு கையில் தாளோடு வந்தாள்.

“வலி நல்லா வந்துடுச்சு. கூட இருக்கப்போறது யாரு? அம்மாவா?”

ஆமாம் என்று இருவரும் தலையாட்டினார்கள். “யாரு அம்மா?” என்று நர்ஸ் கேட்க, நாத்தனார் அவளைக் கைகாட்டினார், அவள் நாத்தனாரைக் கைகாட்டினாள்.

“இப்படி ரெண்டு பேரும் கைகாட்டிக்கிட்டு நின்னா, நீங்க முடிவு பண்றதுக்குள்ள குழந்தை பொறந்துடும். இதுல ஒரு பேர்தான் எழுத இடம் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க.”

உள்ளேயிருந்து மகளின் முனகல் கேட்டது. அவளுடைய உடம்பு முழுவதும் அந்தக் கதவை நோக்கி இழுத்தது. ஒரு எட்டு வைத்தால் உள்ளே. யாரும் தடுக்கப்போவதில்லை, நாத்தனாரே தள்ளிவிடுவார். அவள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“பெத்தது நான் சிஸ்டர். பயந்தா அவ தேடுறது இவங்களை. அம்மான்னு இவங்களையே எழுதிக்கோங்க.”

நர்ஸ் இருவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாத்தனாரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள். பச்சை அங்கியைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நாத்தனார் ஆயிரக்கணக்கில் மடித்த அங்கிதான். அன்று அதன் முடிச்சு அவருக்குப் போட வரவில்லை. அவள்தான் பின்னால் நின்று கட்டிவிட்டாள். கட்டி முடித்ததும் நாத்தனார் பின்னால் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அப்படியே உள்ளே நடந்தார். கதவு இடிக்கும்வரை விடவில்லை. நர்ஸ்தான் வந்து, ஒருத்தர்தான் என்று சொல்லிப் பிரித்துவிட வேண்டியிருந்தது.